தற்காலிகக் கோப்புகளும் நமது கடமையும்

மொழி பயில்வார்க்குச் சொல்லின் ஆற்றல் புதிதன்று. ஒரு சொல், தான் குறிக்கும் பொருளை உணர்த்துவதோடு அமையாது, அப்பொருளுக்கு நாம் தரவேண்டிய மதிப்பு இவ்வளவென்பதையும் உடன் உணர்த்திவிடுகின்றது. 'தற்காலிகம்' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. தற்காலிகப் பாலம், தற்காலிகக் கொட்டகை, தற்காலிக ஏற்பாடு என்று கேட்ட அளவிலேயே, 'இது சில நாளிற் போய்விடுவது. இதற்கு அத்துணைக் கவலை வேண்டா' என்னும் எண்ணம் உள்ளத்தில் எழுகின்றது. ஆயினும், அப்பாலத்தின்மேல் நடப்பவனது உயிர் தற்காலிகமானதன்று. கொட்டகையிற் பற்றிய தீ, 'இது நாளைப் பிரிக்கப்படுவதுதானே' என்று பொறுத்திருப்பதும் இல்லை.

கணிப்பொறி உலகில் இவ்வொரு சொல் அரை நூற்றாண்டாக விளைத்துவரும் தீங்கு சிறிதன்று. அதனை விளக்கி, அது பற்றி என் கருத்தைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயில்பவனுக்குக் கணிப்பொறியைப் பற்றி என்ன உரிமை என்று வினவுவாரும் உளராகலாம். இத்தீங்கின் வேரை ஆராய்ந்தால், அது பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றியதாகவே முடிகின்றது. பெயரும் பொருளும் எம் துறைக்கு அயலானவை அல்லவாகலின், இதனை எழுதத் துணிந்தேன்.

தற்காலிகக் கோப்பு என்பது யாது? ஒரு மென்பொருள் தன் தொழிலைச் செய்யுங்கால், இடையில் தோன்றும் பகுதிகளை எங்கேனும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கின்றது. கட்டுரை எழுதும் மென்பொருள், சேமிக்கப்படாத வரைவை வைத்துக்கொள்கின்றது. அச்சிடும் பொறிக்கு அனுப்பும் பக்கங்கள் சிறிது நேரம் ஓரிடத்தில் தங்குகின்றன. சுருக்கிக் கட்டிய கோப்பைப் பிரிக்கும்போதும், இணையத்திலிருந்து ஒன்றை இறக்கும்போதும், ஒரு மொழியில் எழுதிய நிரலைப் பொறி மொழிக்கு மாற்றும்போதும் இவ்வாறே நிகழ்கின்றது. வேலை முடிந்ததும் இவை நீக்கப்படுதல் முறை. சமையலறையில் அரிந்த காயை வைக்கும் தட்டுப் போன்றவை இவை. ஆனால் ஒன்று கருதத்தக்கது. கோப்பின் வாழ்நாள்தான் குறுகியதேயன்றி, அதனுள் இருக்கும் செய்தி குறுகிய வாழ்நாள் உடையதன்று. கடிதத்தின் வரைவிலும் அக்கடிதத்தின் இரகசியம் முழுவதும் இருக்கின்றது. ஒரு நொடி மட்டும் இருந்த கோப்பில் கடவுச்சொல் ஒன்று இருந்து, அந்நொடியில் அயலான் அதனைப் படித்துவிட்டால், கோப்பு அழிந்தபின்னும் அவன் அறிந்தது அழிவதில்லை.

இக்கோப்புகள் வைக்கப்படும் இடத்தின் வரலாற்றையும் ஒரு சிறிது காண்போம். 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் ஏற்பாடு அதன் இயல்பு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம் உண்டு. அவற்றுடன், எல்லாரும் எழுதுவதற்கு உரிமையுடைய 'டெம்ப்' என்னும் பொது அடைவு ஒன்றும் ஏற்பட்டது. இதனைச் சத்திரத்துத் திண்ணைக்கு ஒப்பிடலாம். வழிப்போக்கர் எவரும் தம் மூட்டையை அங்கே வைக்கலாம். பிறர் மூட்டைகள் எவையெவை என்று காணலாம். பண்டு, பிறர் மூட்டையை எடுத்தெறியவும் தடையில்லாதிருந்தது. 1986-இல் வெளிவந்த பெர்க்கிலி யூனிக்ஸின் 4.3 என்னும் பதிப்பில், அடைவுக்கு ஒரு குறியிட்டு, வைத்தவனன்றிப் பிறன் ஒரு கோப்பை நீக்கவோ பெயர் மாற்றவோ இயலாதபடி செய்தனர். அது நல்ல காவலே. எனினும், திண்ணை பொதுத் திண்ணையாகவே இருந்தது. முன்வந்தவன் எந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளலாம். எந்தப் பெயரையும் தன் மூட்டைக்கு இட்டுக்கொள்ளலாம். கேடு இங்கேதான் தொடங்குகின்றது.

அக்கேட்டினை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, காவலின்மை. கோப்பை ஆக்கும் மென்பொருள், 'இதனை என்னையன்றிப் பிறர் படித்தல் கூடாது' என்று விதிக்காமல் விட்டுவிடுகின்றது. அப்பொறியில் இடம் பெற்ற எவனும் அதனைத் திறந்து படிக்கலாம்.

இரண்டாவது, ஊகிக்கத்தக்க பெயர். பழைய சி மொழி நூலகங்களில் 'எம்கே-டெம்ப்' என்றொரு செயற்கூறு உண்டு. தற்காலிகக் கோப்புக்குப் புதுப்பெயர் ஒன்று ஆக்கித் தருவது அதன் தொழில். சில நூலகங்களில் அது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண்ணையும் ஓர் எழுத்தையும் சேர்த்தே பெயரை ஆக்கிற்று. ஆங்கில எழுத்துகள் 26 ஆதலின், ஒரு நிரலுக்குக் கிடைக்கக்கூடிய பெயர்கள் 26-க்கு மேற்படா. நிரலின் எண்ணோ இரகசியமன்று. அதே பொறியில் உள்ளவன் ஒரு கட்டளையிட்டு அறியத்தக்கது. ஆகவே, வரப்போகும் பெயர் இன்னதென்று பகைவன் முன்னரே கணித்து, அப்பெயரில் தானொரு பொருளைத் திண்ணையில் வைத்துக் காத்திருக்கலாம்.

அவன் வைப்பது யாது என்பதிலேதான் சூழ்ச்சி முழுவதும் அடங்கியிருக்கின்றது. நம் இலக்கணத்தில் ஆகுபெயர் என்பதொன்று உண்டு. ஒரு பொருளின் பெயர், தன்னைக் குறியாது, தன்னோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவது அது. ஊர் சிரித்தது என்றால் சிரித்தவர் ஊரிலுள்ள மக்களே என்பதை நாம் அறிவோம். யூனிக்ஸிலும் ஆகுபெயர் போல்வதொன்று உண்டு. அதனைக் குறியீட்டு இணைப்பு என்பர். ஒரு பெயர் இங்கே இருக்கும். அதனைத் திறந்தால் வேறோரிடத்திலுள்ள வேறொரு கோப்பே திறக்கும். பகைவன், தான் ஊகித்த பெயரில் இத்தகைய இணைப்பொன்றைத் திண்ணையில் வைத்து, அதனைப் பொறியின் தலைவனுக்கு உரிய அரியதொரு கோப்பின்பால் திருப்பிவிடுகின்றான். அவ்வரிய கோப்பைத் தொடுதற்கு அவனுக்கு உரிமையில்லை. ஆனால் தலைவனது அதிகாரத்தோடு ஓடும் மென்பொருள் வந்து, தன் தற்காலிகக் கோப்பென்று எண்ணி அப்பெயரில் எழுதத் தொடங்குமாயின், எழுத்துகள் சென்று விழுவது அவ்வரிய கோப்பின்மேல். வேலைக்காரன் கையைக்கொண்டே வீட்டுக்காரனது பெட்டியை உடைப்பித்ததை ஒக்கும் இது. மென்பொருள் பெயரை நம்பிற்று, பொருளைக் காணவில்லை.

மூன்றாவது, பார்த்தலுக்கும் செய்தலுக்கும் இடைப்பட்ட காலம். 'அப்படியாயின் அப்பெயரில் முன்னரே ஒன்று இருக்கின்றதா என்று பார்த்துவிட்டு எழுதினால் போதுமே' என்று எண்ணத் தோன்றும். பல நிரலாளர் அவ்வாறே எழுதினர். ஆனால், 'இல்லை' என்று கண்ட கணத்துக்கும் எழுதத் தொடங்கும் கணத்துக்கும் நடுவே மிகச் சிறியதோர் இடைவெளி உண்டு. பகைவனது நிரல் அவ்விடைவெளிக்குள் இணைப்பை நட்டுவிடலாம். ஒருமுறை தவறினாலும், சலியாமல் பல்லாயிரம் முறை முயல்வது பொறிக்கு அரிதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளையைச் சார்ந்த மாட் பிஷப், மைக்கேல் டில்கர் என்னும் இருவர் 1996-ஆம் ஆண்டிலேயே, கோப்புகளைக் கையாள்வதில் நிகழும் இவ்வகைப் பந்தயத்தைத் தனியாக ஆராய்ந்து, நிரல்களில் அதனைக் கண்டறியும் வழியையும் எழுதினர்.

இனி, இந்நோய்க்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. பெயரைத் தெரிதலையும், கோப்பை ஆக்குதலையும், காவலை விதித்தலையும் பிரிக்கலாகாத ஒரே செயலாக இயங்குதளத்தின் கருவிடமே ஒப்புவித்தல் அம்மருந்து. 'இப்பெயரில் ஏற்கெனவே யாதேனும் இருப்பின், இணைப்பாயினும் சரியே, ஆக்காமல் மறுத்துவிடு. இல்லையாயின் ஆக்கி, எனக்கு மட்டும் உரியதாக்கு' என்பது கட்டளை. 'எம்கே-எஸ்-டெம்ப்' என்னும் செயற்கூறு இதனைச் செய்கின்றது. அது பெயரை மட்டும் தந்து விலகாமல், திறந்த கோப்பையே கையிற் கொடுத்துவிடுகின்றது. அதன்பின் பெயரை யார் என்ன செய்தாலும், பொருள் நம் கையில் உள்ளது. 2013-இல் வந்த லினக்ஸ் 3.11-ஆம் பதிப்பு இன்னும் ஒருபடி மேற்சென்று, பெயரே இல்லாத தற்காலிகக் கோப்பை ஆக்கும் வழியையும் தந்தது. பெயர் இல்லாத விடத்துப் பெயரால் ஏமாற்றுவது எங்ஙனம்?

இம்மருந்து இன்று நேற்று வந்ததன்று. பைத்தான் மொழியின் 2.3-ஆம் பதிப்பு 2003-இல் வந்தபோதே பழைய செயற்கூற்றைக் கைவிடத்தக்கதென அறிவித்துப் புதியதைத் தந்தது. போசிக்ஸ் என்னும் பொதுத்தர நூல் தன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'எம்கே-டெம்ப்' என்பதை நீக்கிவிட்டது. 2012-இல் வந்த லினக்ஸ் 3.6-ஆம் பதிப்பு, பொதுத் திண்ணையில் பிறன் வைத்த இணைப்பைப் பின்பற்ற மறுக்கும் காவலை ஏற்படுத்திற்று. மைட்டர் என்னும் அமைப்பு தொகுத்துவரும் மென்பொருட் குறைகளின் பட்டியலில் இக்குறைக்கு 377 என்னும் தனி எண்ணே உண்டு. நோயும் அறியப்பட்டது, மருந்தும் அறியப்பட்டது. பின்னும் நோய் நீங்கிற்றா என்றால், இல்லை என்றே கூறவேண்டும்.

அதற்கு மூன்று சான்றுகள் காட்டுவேன். ஜாவா மொழியில் எழுதும் நிரல்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படுவது ஜேயூனிட் என்னும் கருவி. அதன் 4-ஆம் தலைமுறையில், சோதனைக்கென அது பொதுத் திண்ணையில் ஆக்கும் கோப்புறையை அப்பொறியிலுள்ள பிறரும் படிக்கக்கூடியதாயிருந்தது. 2020-இல் இக்குறை வெளியாகி, 4.13.1 என்னும் பதிப்பில் திருத்தப்பட்டது. அதுவும் ஜாவா 1.7-உம் அதற்குப் பிந்தியனவும் உடையார்க்கே திருத்தம் பயன்பட்டது. அதற்கு முந்திய ஜாவாவை விடாதவர்கள் தற்காலிக இடத்தையே தமக்கெனத் தனியாக அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாவது, கூகிள் நிறுவனத்தின் குவாவா என்னும் நூலகம். தற்காலிக அடைவை ஆக்கும் அதன் செயற்கூறும் இத்தகைய குறையே உடையது. 2020-இல் வந்த 30.0 பதிப்பில் அதனைத் திருத்தவில்லை. 'இதனைப் பயன்படுத்தற்க' என்று அறிவிப்பு மட்டுமே எழுதினர். 2023-இல் வந்த 32.0.0 பதிப்பில்தான் அதன் செயலையே மாற்றினர். அம்மாற்றம் விண்டோஸ் பொறிகளில் வேறோர் இடையூற்றை விளைக்க, 32.0.1 என ஒன்றை உடனே வெளியிட நேர்ந்தது.

மூன்றாவது, நம் கையிலுள்ள பேசியைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எபிக் என்னும் நிறுவனம் ஃபோர்ட்நைட் என்னும் விளையாட்டை ஆண்ட்ராய்டு பேசிகளுக்கு வழங்கிற்று. கூகிளின் கடை வழியாக அன்றித் தன் சொந்த நிறுவியின் வாயிலாக அது வழங்கிற்று. அந்நிறுவி, விளையாட்டைப் பேசியின் பொதுச் சேமிப்பிடத்தில் இறக்கி, மெய்யானதே என்று சோதித்து, பின்னர் நிறுவிற்று. சோதித்தலுக்கும் நிறுவுதலுக்கும் நடுவே, அப்பொது இடத்தில் எழுதும் உரிமை பெற்ற வேறெந்தச் செயலியும் விளையாட்டை எடுத்துவிட்டுத் தன் பொல்லாத நிரலை வைத்துவிடலாம் என்று கூகிள் கண்டு தெரிவித்தது. இறக்குமிடத்தைச் செயலியின் சொந்த இடத்துக்கு மாற்றியதும் குறை நீங்கிற்று. 1996-இல் ஆராயப்பட்ட அதே இடைவெளி, 22 ஆண்டுகள் கழித்து, சிறுவர் விளையாடும் பொருளில் வந்து நின்றது.

இவ்விடத்து எழும் தடைகளையும் ஆராய்தல் நேர்மையாகும்.

'இத்தாக்குதலுக்குப் பகைவன் அதே பொறியில் இருத்தல் வேண்டும், இக்காலத்துக் கணிப்பொறி ஒவ்வொன்றும் ஒருவனுக்கே உரியதாயிற்றே, பின் அஞ்சுவானேன்?' என்பது முதல் தடை. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பொறியில் மனிதன் ஒருவனே ஆயினும், குடியிருப்போர் பலர். இணையப் பணியைச் செய்யும் நிரலை, அஞ்சலைக் கவனிக்கும் நிரலை, தரவுகளைக் காக்கும் நிரலை வெவ்வேறு பயனர் பெயரில் ஓட்டுவது வழக்கம். ஒன்று பகைவன் கைப்பட்டாலும் ஏனையவை தப்பவேண்டும் என்பதே அதன் கருத்து. அறைகளுக்குத் தனித்தனிப் பூட்டிட்டு, எல்லா அறைகளுக்கும் வாயில் ஒரே திண்ணையில் வைத்தால் அப்பூட்டுகளால் ஆவதென்? பேசியிலோ ஒவ்வொரு செயலியும் ஒரு குடித்தனம் என்பதை ஃபோர்ட்நைட் நிகழ்ச்சியே காட்டிற்று. அன்றியும், கல்லூரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நூற்றுக்கணக்கானோர் ஒரே பொறியைப் பகிர்ந்து பயன்படுத்துதல் இன்றும் உண்டு.

'குற்றம் கருவியினுடையதன்று, கவனமின்றி எழுதும் நிரலாளனுடையது, அவன் விழிப்போடிருந்தாற் போதும்' என்பது இரண்டாவது தடை. இதனையே யான் வன்மையாக மறுக்கின்றேன். ஓரிடத்தில் ஒருவன் வழுக்கி விழுந்தால் அவனது கவனக்குறைவு எனலாம். அதே படியில் ஐம்பதாண்டாக எல்லாரும் வழுக்கி விழுந்துகொண்டிருந்தால், படியைச் செப்பனிடாதவனைக் கேட்டல் முறையன்றோ? ஜேயூனிட்டையும் குவாவாவையும் எழுதினோர் கற்றுக்குட்டிகள் அல்லர். அத்துணை வல்லார்க்கும் நேர்ந்தது, நேற்றுச் சேர்ந்த மாணவனுக்கு நேராதிருத்தல் எங்ஙனம்? கருவி செய்வோர், பிழையான வழியைச் சிறியதாயும் எளியதாயும், சரியான வழியை நீண்டதாயும் மறைந்ததாயும் வைத்துவிட்டுப் பிறரை விழிப்பாயிருக்கச் சொல்லுதல் அறமாகாது.

'பழையதை நீக்கினால் அதனை நம்பியிருக்கும் பழைய நிரல்கள் பழுதாகுமே' என்பது மூன்றாவது தடை. இது மெய்யான தடையே. குவாவாவின் திருத்தம் விண்டோஸில் விளைத்த இடையூறு அதற்குச் சான்று. ஆனால் அதே நிகழ்ச்சி வேறொன்றையும் காட்டுகின்றது. இடையூறு வந்தது, மறு பதிப்பில் தீர்ந்தது. திருத்தத்தின் நோவு சில நாளுக்குரியது. திருத்தாமையின் நோவோ மூன்றாண்டு நீண்டது. உண்மையில் தற்காலிகம் என்னும் பெயருக்கு உரியது அந்நோவே.

ஆகவே என் கருத்து இது. அபாயமான செயற்கூறுகளை எச்சரிக்கையோடு நிறுத்தாமல், உரிய அறிவிப்புக் காலம் தந்து, முற்றும் நீக்குதல் வேண்டும். எச்சரிக்கைப் பலகையை எல்லாரும் படிப்பதில்லை; மூடிய கிணற்றில் எவரும் விழுவதில்லை. பொதுத் திண்ணை என்னும் ஏற்பாடும் படிப்படியாக ஒழிதல் நன்று. மாக் பொறிகளில் ஒவ்வொரு பயனருக்கும் தனித் தற்காலிக இடம் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு பணி நிரலுக்கும் அதற்கேயுரிய தனி 'டெம்ப்' அமைத்தல் இயலும். விண்டோஸும் தலைமை அதிகாரத்தோடு ஓடும் நிரல்களுக்கு வேறு தற்காலிக இடம் வகுத்திருக்கின்றது. வழி தெரிந்திருக்க நடவாதிருத்தல் சோம்பலேயாகும்.

கல்லூரியைச் சார்ந்த நமக்கும் இதிற் பங்குண்டு. கணிப்பொறித் துறை ஆசிரியர்களை வணக்கத்துடன் வேண்டுவது ஒன்று. மாணவர் எழுதும் நிரல் சரியான விடையைத் தருகின்றதா என்று மட்டும் பாராமல், வழியிற் சிதறிய துண்டுகளை எங்கே வைத்தது, யார் காண வைத்தது, முடிவில் துடைத்ததா என்பதற்கும் மதிப்பெண் இடுதல் வேண்டும். தேர்வில் கேட்கப்படுவதையே மாணவர் கற்பர் என்பது ஆசிரியர் அறியாததன்று.

பிற துறை மாணவராகிய நாம் நிரல் எழுதுவதில்லை. ஆயினும் பொதுக் கணிப்பொறியைப் பயன்படுத்துகின்றோம். விண்ணப்பம் அனுப்பும் பொருட்டுக் கடைக்குச் சென்று, மதிப்பெண் பட்டியலையும் ஆதார் அட்டையையும் அஞ்சலிலிருந்து திறந்து அச்சிடுகின்றோம். அச்சிட்ட தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுகின்றோம். இறக்கிய கோப்பின் படியோ அப்பொறியிலேயே தங்கிவிடுகின்றது. 'சிறிது நேரத்துக்குத்தானே' என்று நாம் திறந்ததை, அடுத்து அமர்பவர் எத்துணை நேரமும் படிக்கலாம். இறக்கியவற்றை நீக்கி, குப்பைக் கூடையையும் காலி செய்து, அஞ்சலிலிருந்து முறைப்படி வெளியேறி எழுதல் இரண்டு நிமிட வேலை. தங்கை தம்பியர்க்கும், எழுத்தறிவு குறைந்த பெற்றோர்க்கும் இதனைச் செய்து காட்டுதல் படித்தவர் கடமை.

சிறிது காலமே இருக்கும் பொருளுக்குச் சிறிது காவல் போதும் என்பது பார்வைக்கு நேராகத் தோன்றும் கணக்கு. ஆனால் பிழையான கணக்கு. காவலின் அளவு, பொருள் இருக்கும் காலத்தைப் பற்றியதன்று. அது பிறர் கைப்பட்டால் விளையும் இழப்பைப் பற்றியது. நிரல் எழுதும் நண்பர்கள் இவ்வொன்றை மனத்திற்கொண்டு எழுதுவார்களாயின், மேற்கூறிய பட்டியலின் 377-ஆம் எண்ணுக்கு நம் கல்லூரியிலிருந்து புதிய சான்று ஒன்றும் சேராது.